கேம் பாஸும் கலஹா பஸ்ஸில் வந்த பெட்டியும்

எங்கள் மோகனராஜ் மாமா மட்டும் பிறக்காமல் போயிருந்தால் ஜப்பான் என்ற நாடு வெட்கத்தில் கடலுக்கடியில் போய் உட்கார்ந்திருக்கும். அவர்கள் செய்து அனுப்பிய டீவி கேம் பெட்டிகளெல்லாம் காலம் போய்க் கேசட்டைத் தின்னமாட்டேன் என்று அடம்பிடித்தபோது, அவற்றுக்கு ஒரு வாய் ஊட்ட உலகத்தில் வேறு ஆள் இருக்கவில்லை. மாமா ஊட்டினார். விக்டோரியா அணையில் விரிசல் விட்டால்கூட அரசாங்கம் முதலில் கண்டியில் எங்கள் மஹியாவைக்குத்தான் ஜீப் அனுப்பும். மாமா ஒரு வெள்ளை அழிறப்பரோடு போவார், விரிசலைத் தேய்ப்பார், ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைப்பார், "இனிமேல் யாரும் இதை ஊதக்கூடாது" என்று என்ஜினியர்களை எச்சரித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடுவார்.

இதில் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பேன். எவ்வளவு கூட்டினேன் என்று கேட்காதீர்கள். கணக்குப் பாடத்தில் ஓ/எல் பரீட்சை என்னைப் பார்த்துப் பயந்து ஓடியது. திரும்ப எழுதப் போனபோது நான் ஓடினேன்.

மோகனராஜ் மாமா என் அம்மாவின் தம்பி. பல்லேகலப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஈயம் பற்றவைக்கிற வேலையில் இருந்தார். அதை மூடிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர், முன்னறையில் ஒரு மேசையைப் போட்டு, யாரோ குப்பையில் எறிய வைத்திருந்த ஒரு டீவி கேமைப் பிரித்தார். அது ஓடியது. அந்தச் செய்தி எப்படிப் பரவியதோ, கண்டியைச் சுற்றி அலுமாரி மேலேயும் கட்டிலடியிலும் கிடந்த பெட்டிகளெல்லாம் எங்கள் வாசலுக்கு வர ஆரம்பித்தன. கொண்டுவருகிறவர்கள் எல்லாம் தொந்தி வைத்த அப்பாமார். சிங்களக்காரர்கள் "கேம் பாஸ்" என்று கூப்பிடுவார்கள். மாமாவுக்கு அந்தப் பட்டம் பிடிக்கும். வெளியே சொல்லமாட்டார், பெயர்ப்பலகையில் மட்டும் எழுதி வைத்திருக்கிறார்.

பெட்டி கேசட்டைப் படிக்கவில்லை என்று வந்தால் அவர் முதலில் எதையும் திறக்கமாட்டார். "நோய் யாருக்குன்னு மொதல்ல தெரியணும்" என்பார். அவரிடம் ஒரு மஞ்சள் கேசட் இருக்கிறது, ஒரு நாளும் மக்கர் பண்ணாதது. அதன் முதுகில் 'சுகதேகி' என்று எழுதியிருப்பார். வந்த பெட்டியில் சுகதேகியைச் செருகுவார். ஓடினால் பெட்டி சுகம், வந்த கேசட்டுக்குத்தான் நோய். ஓடாவிட்டால் பெட்டிக்கு நோய். அதற்குப் பிறகுதான் கேசட்டின் அடியில் வரிசையாகத் தெரியும் பல்லை அழிறப்பரால் தேய்ப்பதா, பெட்டியின் வாய்க்குள்ளே வளைந்துபோன பித்தளைக் கம்பிகளை ஊசியால் நிமிர்த்துவதா என்று முடிவு. ஊர் டொக்டர்களுக்கு இந்தப் பழக்கம் இருந்தால் பாதிப் பேர் மருந்தில்லாமலே பிழைத்துக்கொள்வார்கள்.

கடையாகிவிட்ட முன்னறைச் சுவரில் மூன்று மொழியிலும் ஒரு பலகை: ஊதாதீர்கள். கேசட் வேலை செய்யாவிட்டால் உடனே வாயில் வைத்து ஊதுவது மனிதகுலத்தின் பழக்கம். எச்சில் ஈரம் பட்டுப் பல் பச்சை பிடித்துப்போகும் என்று மாமா தொண்டை வறளச் சொல்வார். அந்தப் பலகைக்குக் கீழே 'இடது கையால் மூன்று தடவை சுற்றிவிட்டுச் செருகவும்' என்று நான் ஒரு கடதாசி ஒட்டி வைத்தேன். பக்கத்துக் கடை நிஸாம் நானா அப்படியே செய்தார். ஓடியது. இன்றைக்கும் சுற்றுகிறார்.

மாமாவிடம் இரண்டு விசேஷம் உண்டு. ஒன்று மூக்கு. கேசட்டை மணந்து பார்த்தே ஊதியவர் என்ன சாப்பிட்டார் என்று சொல்லிவிடுவார். மற்றது வாய். பழுது என்ன, யாரால் வந்தது என்று சொந்தக்காரரின் முகத்துக்கு நேரே சொல்லி, அவர் தலையாட்டிய பிறகுதான் பெட்டியைக் கையில் கொடுப்பார். "காரணம் தெரியாமக் கொண்டுபோனா, காரணமும் கூடவே போகும்" என்பார். மூக்கு ஒரு வரம் என்றால் வாய் ஒரு வியாதி. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நிஸாம் நானாவே சாட்சி.

ஒரு நாள் நானா தன் மகனுடைய கேசட்டைக் கொண்டுவந்தார். அவர் மனைவி ரபீகா ராத்தா பின்னால் நின்றார். மாமா கேசட்டை மூக்கருகே வைத்து ஒரு இழுப்பு இழுத்தார்.

"நானா, ஊதினது நீங்கதானே?"

"இல்ல மோகன், மகன்."

"மகன் சிகரட் குடிக்கிறானா?"

பின்னால் நின்ற ரபீகா ராத்தா முன்னால் வந்தார்.

"நோம்போட விட்டுட்டேண்டு செல்லின நீங்க?" என்றார் ரபீகா ராத்தா. அவருடைய குரல் மெதுவாக இருந்தது. அதுதான் பயம்.

"அது... பஸ்ல பக்கத்துல ஈந்த மனிசன் குடிச்ச. அந்தப் பொக."

மாமா உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு இன்னொரு இழுப்பு இழுத்தார். "இல்ல நானா. இது பக்கத்து ஆளோட பொகை இல்ல. நேரா நெஞ்சில இருந்து வந்தது."

"அல்லாவே, கேசட்ட மட்டும் பாத்தாப் போதாதா ஒனக்கு?"

அதற்குப் பிறகு ரபீகா ராத்தா மாதத்துக்கு ஒரு தடவை, எந்தப் பழுதும் இல்லாத கேசட்டோடு வருவார். "ஓடுது மோகன். சும்மா மணந்து மட்டும் பாருங்க."

கேசட்டோடு போனால் பரவாயில்லை. பெண் பார்க்கப் போன இடத்திலும் மாமா இப்படித்தான். மாத்தளையில் ஒரு வீடு. பெண்ணின் அப்பா கரண்ட் பில்லைக் குறைக்குமென்று வாங்கிப் பெருமையோடு காட்டிய பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள ஒண்ணுமே இல்லைங்க, லைட் மட்டும்தான் எரியுது, ஏமாத்திட்டாங்க" என்றார். அந்தச் சம்பந்தத்திலும் லைட் அணைந்தது. அடுத்தது கம்பளையில். பெண்ணின் அம்மா வடை எப்படி என்று கேட்டார். உலகத்தில் எந்த ஆணும் பதில் யோசிக்கத் தேவையில்லாத கேள்வி அது. மாமா யோசித்து, "எண்ணெய் பழசு" என்றார். தரகர் வயதைக் குறைத்துச் சொல்லி வைத்திருந்தால், அதையும் இவரே போய்த் திருத்திவிட்டு வருவார்.

இப்படியே வீட்டோடு கிடந்து பழுப்பேறப்போகிறார் என்று அம்மா நம்பிக்கை இழந்திருந்த சமயத்தில்தான் கிருஷாந்தி என்ற பெயர் வந்தது. பேராதனை ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கிற இடத்தில் வேலை. வீடு கலஹாவில். தரகர் போன் நம்பர் கொடுத்து இருவரையும் பேசவிட்டார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டு, காதல் பேச்சு என்றால் எப்படியிருக்கும் என்று அறிவு வளர்த்துக்கொள்ளக் காத்திருந்தேன். அவர்கள் பேசியது பஞ்சைப் பற்றி.

"ஒரு தடவை துடைச்ச பக்கத்தால திரும்பத் துடைக்கக் கூடாது, இல்லைங்களா?" என்றார் மாமா.

அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னாரோ, மாமாவின் முகம் சுகதேகியைச் செருகியதும் டீவி பளிச்சென்று வருமே, அப்படி வந்தது. தரகர் தந்த கிருஷாந்தியின் போட்டோவை மேசை லாச்சியில், புது அழிறப்பர்கள் வைக்கிற பெட்டிக்குள் வைத்தார். அந்தப் பெட்டியை என்னைத் தொடவே விடமாட்டார். அதனால்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.

இடையில் நின்றது கிருஷாந்தியின் அப்பா. சுந்தரலிங்கம் ஐயா தேயிலை பெக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். "வெளையாட்டுச் சாமான் திருத்துறவனுக்கா பொண்ணு?" என்று கேட்டாராம். மகள் பிடிவாதமாக நின்றதால் கொஞ்சம் இறங்கி வந்து, தன் வீட்டில் வருடக்கணக்காகப் பேச்சுமூச்சில்லாமல் கிடந்த டீவி கேமைத் தேயிலைச் சாக்கில் சுற்றி, கலஹா பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டார். பிறகு அம்மாவுக்குப் போன் எடுத்தார். ஸ்பீக்கரில் கேட்டோம்.

"ஞாயித்துக்கெழம நானும் மகளும் வாறோம்மா. அன்னைக்கு அது ஓடணும். என்னா பழுதுன்னும் மாப்பிள்ளப் பையன் வாயால எனக்கு வெளங்கப்படுத்தணும். அதுக்குப் பொறவுதான் மத்தப் பேச்சு."

அம்மா போனை வைத்துவிட்டு மாமாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பெட்டியை வாங்கிவந்தேன். மாமா கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தார். சுகதேகியைச் செருகினார். டீவி சாம்பல் நிறமாக முறைத்தது. பெட்டிக்குத்தான் நோய். ஆணிகளைக் கழற்றி, மூடியைத் தூக்கி, கேசட் போகிற வாய்க்குள் டோர்ச் அடித்தார். அப்படியே இருந்தார். மூக்கு மட்டும் விரிந்தது.

"என்னா மாமா, ஊதியிருக்காங்களா?"

"இல்ல. கும்பிட்டிருக்காங்க."

எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு கோயில் இருந்தது. பித்தளைக் கம்பிகள் ஒன்றுகூடத் தெரியவில்லை. சந்தனம், நடுவில் குங்குமம், அதற்கு மேல் சந்தனம், திரும்பக் குங்குமம் என்று சமூகக்கல்விப் புத்தகத்தில் பூமியை வெட்டிக் காட்டுவார்களே, அந்த மாதிரிப் படைபடையாக, சீமெந்துபோல இறுகிக் கிடந்தது. ஒரு படை ஒரு ஆயுத பூசை. எங்கள் ஆட்கள் அன்றைக்கு எந்தச் சாமானையும் விடமாட்டார்கள். கத்தி, தையல் மெசின், பஸ் ஸ்டியரிங், அம்மாவின் ரைஸ் குக்கர், எல்லாவற்றுக்கும் பொட்டு. சுந்தரலிங்கம் ஐயா பெக்டரி மெசின்களுக்கு வைத்துப் பழகிய கையால் வீட்டுக்கு வந்து டீவி கேமுக்கும் வைத்திருக்கிறார். மேலே வாய் திறந்தபடி ஒரு பெட்டி இருக்கவும், கட்டைவிரலைச் சந்தனத்தில் தோய்த்து நேரே வாய்க்குள்ளேயே ஒரு அழுத்து. வருடம் தவறாமல்.

மாமா அந்த வாயைச் சர்க்கியூட் பலகையிலிருந்து கழற்றி எடுத்து, வெந்நீரில் போட்டு அவித்தார். மாமாவின் வழக்கமான வைத்தியம்தான் அது. ஆனால் அவசரத்தில் எடுத்த பாத்திரம் அம்மாவின் பால்சட்டி.

"டேய் மோகன்! பால் காய்ச்சுற சட்டிடா!"

"சந்தனம்தானேக்கா. வாசமாத்தான் இருக்கும்."

வாசமாகத்தான் இருந்தது. அடுத்த இரண்டு நாளும் நாங்கள் குடித்த தேத்தண்ணீர் தேர்த்திருவிழா மாதிரி மணத்தது. அவித்து, ஊறவைத்து, பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, ஒவ்வொரு கம்பியாக ஊசியால் நிமிர்த்தி, ஸ்பிரிட்டால் துடைத்து, உலர்த்தி, திரும்ப ஈயம் வைத்தார். துடைத்த பஞ்சைத் திரும்பப் பயன்படுத்தவே இல்லை, கவனித்தேன். சுகதேகியைச் செருகினார். டீவியில் ஒரு குட்டி மனிதன் தோன்றி, ஓடிப்போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றான். மாமா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"அக்கா, இதை நான் அவருகிட்ட சொல்லித்தான் ஆகணும்."

அம்மா வெங்காயத்தை வைத்துவிட்டு வந்தார். "தூசின்னு சொல்லு."

"தூசி இல்லையே."

"ஈரம்னு சொல்லு. கலஹாவுல எந்நேரமும் மழைதானே."

"ஈரமும் இல்லையே."

"ஏன்டா, சாமிக்கு வச்ச சந்தனத்தாலதான் பழுதாச்சு, அதுவும் ஒங்க கையாலதான்னு ஒரு பெரிய மனுசன் மூஞ்சிக்கு நேரா சொல்லுவியா? சொன்னா இந்தச் சம்பந்தமும் போச்சு, தெரியுமா?"

"சொல்லாட்டி ஒக்டோபர்ல திரும்ப வைப்பாரு. திரும்ப அடைக்கும். அப்ப மாப்பிள்ள ஒழுங்காத் திருத்தலன்னுதானே சொல்லுவாரு?"

அம்மா கதிரையில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டார்.

அன்று முழுக்க மாமா அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒத்திகை பார்த்தார். "ஐயா, சந்தனம் நல்ல சாமான்தான்..." என்று தொடங்குவார். தலையை ஆட்டிக்கொண்டு நிறுத்துவார். "ஐயா, சாமிக்கு எல்லா எடமும் ஒண்ணுதான். ஆனா கரண்டுக்கு அப்படி இல்ல..." அதுவும் சரிவராது. சட்டைக் காலர் நனைந்துபோனது. யாருடைய வீட்டு வடையைப் பற்றியும் தயங்காமல் பேசுகிற மனிதர், ஒரு வசனத்துக்காக இப்படி வியர்த்து நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் போட்டோவை எடுத்துப் பார்த்துவிட்டு, அழிறப்பர் பெட்டியை மெதுவாக மூடினார். ஏற்கெனவே போய்விட்ட சாமானை மூடுவதுபோல.

எனக்குப் பரிதாபமெல்லாம் வரவில்லை. மாமா கல்யாணம் பண்ணித் தனியாகப் போனால் அவருடைய அறை எனக்குக் கிடைக்கும். ஜன்னல் உள்ள அறை. அதற்காகத்தான் யோசித்தேன்.

என்ன யோசித்தேன் என்றால், மாமாவுக்குப் பொய் சொல்ல வராது, சரி. ஆனால் பெட்டிக்குள்ளே வேறொரு காரணம் உண்மையாகவே இருந்துவிட்டால்? மாமா அதை எடுத்துக் காட்டினால் போதும். சந்தனத்தைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. குற்றவாளி யாருக்கும் சொந்தக்காரனாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா முகச்சவரத்துக்குச் சலூனுக்குப் போனார். காஸ் சிலிண்டருக்குப் பின்னால் முதல்நாள் மருந்தடித்ததில் மல்லாந்து கிடந்த ஒரு கரப்பானைத் தீப்பெட்டியில் ஏந்தி வந்து, பெட்டியின் வாய்க்குள் இறக்கினேன். பாதியில் மாட்டிக்கொண்டது. தலையிலிருந்த கறுப்புக் கிளிப்பை எடுத்து, உள்ளே போகும்வரை குத்தித் தள்ளினேன். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. கரப்பானுக்காக மனம் நோக உலகத்தில் ஒருவரும் இல்லை.

அவர்கள் வந்தார்கள். சுந்தரலிங்கம் ஐயா வெள்ளைச் சேட்டும் குடையுமாக வந்து, கதிரையை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். கிருஷாந்தி பச்சைச் சேலை. மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் மாப்பிள்ளையின் மேசையைப் பார்த்தார். ஊசிகள் அளவு வாரியாக அடுக்கியிருந்ததைப் பார்த்து அவருடைய உதடு லேசாக அசைந்தது.

அம்மா தேத்தண்ணீர் கொடுத்தார். ஐயா வாழ்க்கை முழுக்கத் தேயிலையை மணந்து தரம் பிரித்தவர். கோப்பையை மூக்கருகே கொண்டுபோய் நிறுத்தினார்.

"இதுல சந்தன வாசம் வருதேம்மா?"

"எங்க வீட்டுல பூசை கொஞ்சம் அதிகமுங்க" என்றார் அம்மா. ஐயாவுக்கு அது பிடித்துப்போனது. முழுக்கக் குடித்தார்.

"சரி தம்பி. ஓட்டிக் காட்டுங்க."

மாமா சுகதேகியைச் செருகி சுவிட்சைப் போட்டார். டீவி சாம்பல் நிறமாக முறைத்தது.

எடுத்து, துடைத்து, திரும்பச் செருகினார். சாம்பல். மாமாவின் காது மடல் சிவந்தது.

"எங்க வீட்டுலயும் இப்படித்தான் இருந்துச்சு" என்றார் ஐயா. "இம்மியும் மாறல."

மாமா திருப்புளியை எடுத்தார். ஆணியின் தலை இரண்டு தடவை வழுக்கியது. கிருஷாந்தி எழுந்து வந்து, யாரும் கேட்காமலே டோர்ச்சை எடுத்து வாய்க்கு நேரே பிடித்தார். மாமா ஒரு நிமிடம் அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, சாமணத்தை உள்ளே விட்டார். கரப்பான் வெளியே வந்தது. ஒரு காலும் பாதி மீசையும் குறைவாக.

ஐயா கதிரையை விட்டே எழுந்துவிட்டார். "பாத்தியாம்மா கிருஷாந்தி! கரப்பான்! நான் அன்னைக்கே சொன்னேன், பூச்சி ஏதோ பூந்திருக்குன்னு! கலஹாவுல இருந்து டிக்கட் எடுக்காம வந்திருக்கான் பயல்!" என்று சிரித்து, மாமாவின் தோளில் கையை வைத்தார். "அப்ப இதுதானே பழுது, மாப்பிள்ள?"

தம்பி, மாப்பிள்ளையாகிவிட்டார். அம்மா குசினி வாசலில் நின்று "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டினார். நான் அவருக்குப் பின்னால் நின்று இன்னும் பலமாக ஆட்டினேன். ஒரு 'ஆமா' போதும். ஒரே ஒரு 'ஆமா'வைச் சொல்லிவிட்டு அந்த மனிதர் வாழ்க்கை முழுக்க ஊமையாக இருந்தாலும் பரவாயில்லை.

மாமா கரப்பானைப் பார்த்தார். கிருஷாந்தியைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். அவர் பொய்யை யோசித்துப் பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான். அது அவருக்குச் செருகவில்லை.

"இல்லைங்க ஐயா. இது இன்னைக்கு வந்த பழுது. நீங்க அனுப்பினப்ப இருந்த பழுது வேற."

"வேறயா? என்னா?"

"சந்தனமுங்க."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

மாமா ஒத்திகை பார்த்த எதையும் சொல்லவில்லை. உள்ளே எப்படி இருந்தது, எத்தனை படை, எப்படிக் கரைத்தார் என்று நேரே சொன்னார். சொல்லச் சொல்ல ஐயாவின் கை தோளிலிருந்து இறங்கியது. சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"பெக்டரியில ஆயுசு பூரா வச்சேன் நான். ரோலர், டிரையர், தராசு. ஒரு மெசினும் நின்னதில்ல. சாமி சந்தனத்தால மெசின் நிக்குமா?"

"ரோலருக்கு எங்க வைப்பீங்கய்யா?"

"நெத்தியில. முன்பக்கத்துல."

"இதுக்கு?"

ஐயா கட்டைவிரலைத் தூக்கினார். அது தானாகப் பெட்டியின் வாய்க்கு நேரே போய் நின்றது. விரலைப் பார்த்தார். வாயைப் பார்த்தார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிச் சின்னக் குரலில் சொன்னார்:

"இதுக்கு நெத்தி எதுன்னு தெரியல தம்பி."

கிருஷாந்தி சிரித்துவிட்டார். கையிலிருந்த டோர்ச் வெளிச்சம் கூரையெல்லாம் குதித்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"அப்பா, சின்னப் புள்ளையில இருந்து ஒங்ககிட்ட சொல்ல நெனைச்சதுப்பா இது. ஒவ்வொரு பூசையும் முடிஞ்சு நீங்க தூங்கினதும் ஈர்க்குச்சியால சொரண்டுவேன். அப்புறம் ஏலாமப் போச்சு."

"ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?"

"அவ்வளவு ஆசையா வைப்பீங்களேப்பா. எப்படிச் சொல்றது?"

"இவரு சொல்லிட்டாரே?"

"அதான்ப்பா" என்றார் கிருஷாந்தி. டோர்ச்சைத் திரும்பப் பெட்டிக்குப் பிடித்தார்.

ஐயா மகளைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார், ஒரு தட்டுத் தேயிலையைப் பார்ப்பதுபோல. தொண்டையைச் செருமிக்கொண்டு கதிரையை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டார்.

"சரி மாப்பிள்ள. அப்ப இதுக்கு நெத்தி எது?"

மாமா இந்தக் கேள்வியை விளையாட்டாக எடுக்கவில்லை. மூடியைத் திருப்பி, கீழே என்ன ஓடுகிறது என்று தட்டிப் பார்த்து, இடது பக்கத்தில் ஒரு தட்டையான இடத்தைத் தேர்ந்தெடுத்து விரலால் வட்டம் போட்டார். "இங்கைங்க. அடியில ஒண்ணும் இல்ல. எவ்வளவு வேணும்னாலும் வைங்க." ஐயா கட்டைவிரலை அந்த இடத்தில் அழுத்திப் பார்த்தார். பொருந்தியது. அம்மா முந்தானையை முகத்திலிருந்து எடுத்தார்.

வாயைத் துப்புரவாக்கி, வளைந்த கம்பிகளை நிமிர்த்தி, மாமா மூடியைப் பூட்டினார். சுகதேகி ஓடியது. ஐயாவும் மகளும் ஆளுக்கொரு கேம் ரிமோட்டோடு உட்கார்ந்தார்கள். ஐயா முதல் குழியிலேயே விழுந்தார். திரும்ப விழுந்தார். "இந்த பட்டன்ல ஏதோ கோளாறு மாப்பிள்ள" என்றார். "இல்லைங்க, நீங்கதான் பிந்தி அமுக்குறீங்க" என்றார் மாமா. யாரும் எழுந்து போகவில்லை.

நான் குசினிக்குள் போய், கழுவிய கோப்பைகளைத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன். மாமா வந்தார். உள்ளங்கையைத் திறந்து காட்டினார். கறுப்பு நிறத்தில் கடுகளவு ஒரு மணி. கிளிப்பின் நுனியில் தலையைக் கீறாமலிருக்க வைத்திருப்பார்களே, அது.

"வாய்க்குள்ள இருந்துச்சு. கரப்பான் கொண்டை போடுமா நிரோஷா?"

"எனக்கென்னா தெரியும்."

"தலையத் திருப்பு."

திருப்பவில்லை. ஆனால் கிளிப் காதுக்கு மேலேயேதான் இருந்தது, ஒரு நுனி மொட்டையாக.

"சும்மா, வெளையாட்டுக்கு மாமா. ஒங்களக் கோமாளியாக்கிப் பாக்கத்தான்."

மாமா அந்த மணியை என் கையில் வைத்தார்.

"வெளையாட்டுக்குன்னா நீ உசுரோட இருக்கிற கரப்பானத்தானே விட்டிருப்ப" என்றார்.